டீக்கி பாருக்கு ஒரு கூரை

என் வீட்டுப் பின்முற்றத்தில் குடிக்க இடம் கட்டியது நான்தான். என் பிள்ளையும் இல்லை, என் வீட்டுக்காரரும் இல்லை. கிருத்திகை தவறாமல் மலை மந்திர் முருகன் கோயிலுக்குப் போகிற நான், பஸ்ஸில் பக்கத்தில் சாராய வாடை அடித்தால் அடுத்த ஸ்டாப்பிலேயே இறங்கிவிடுகிற நான், பழைய கதவுப் பலகையை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வார்னிஷ் அடித்து, அதன் முன்னால் மூன்று ஸ்டூல் போட்டு ஒரு பார் கட்டினேன். கேட்டால் சிரிப்பு வரும். சிரித்துக்கொள்ளுங்கள், ஆனால் முழுசையும் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

எங்களுக்கு ஆர்.கே.புரத்தில் தரைத்தள குவார்ட்டர்ஸ். என் பெயரில் ஒதுக்கியது. எனக்கு லோதி ரோட்டில் ஆபீஸ். ஃபைலும் நோட்டிங்கும் என்று முப்பது வருஷம் ஓடிவிட்டது. வீட்டுக்காரர் ஒரு தனியார் கம்பெனியில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். அதிகம் பேசமாட்டார். எதைக் கேட்டாலும் "உன் இஷ்டம்" என்பார். அந்த ஒரு வார்த்தையிலேயே எனக்குப் பாதி உயிர் போய்விடும். எங்களுக்கு ஒரே பிள்ளை. இருபத்தாறு வயது, குர்கானில் வேலை. இங்கேயே பிறந்து இங்கேயே வளர்ந்தவன். தமிழ் பேசுவான், நடுநடுவே ஹிந்தி கலந்து. எழுதப் படிக்கத் தெரியாது.

அவன் குடிப்பது எங்களுக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருந்தோம். எங்கள் ஆட்களின் வீடுகளில் அதுதான் முறை. குடிக்கிறவன் வெளியே குடித்துவிட்டு வருவான், வாயில் ஏலக்காயைப் போட்டுக்கொண்டு நேரே போய்ப் படுத்துவிடுவான், மறுநாள் காலையில் அவன் முன்னால் மோர் வைப்பார்கள். யாரும் ஒரு வார்த்தை பேசமாட்டார்கள். வீட்டுக்குள் வராத வரைக்கும் அது இல்லாத ஒன்று. என் மாமனார் அப்படி, என் அண்ணன் அப்படி. நானும் என் பிள்ளைக்கு மோர்தான் வைத்துக்கொண்டிருந்தேன்.

போன தீபாவளிக்கு முந்தின வெள்ளிக்கிழமை, ஆபீஸ் ஆட்களோடு குடித்துவிட்டு மோட்டார் பைக்கில் வந்தவன் மேம்பாலம் இறங்குகிற இடத்தில் விழுந்தான். யாரோ ஒரு டிரக் ஓட்டுகிற சர்தார்ஜி தூக்கி ஓரமாக உட்காரவைத்து, அவன் போனிலிருந்தே எனக்குப் பேசினார். "பெஹன்ஜி, பச்சா டீக் ஹை, கப்ரானா மத்" என்றார், பையன் நன்றாக இருக்கிறான், பயப்படாதே என்று. அந்த மனுஷனின் முகம்கூட எனக்குத் தெரியாது. அவருக்காக இன்றைக்கும் வேண்டிக்கொள்கிறேன். புருவத்துக்கு மேலே எட்டுத் தையல். டாக்டர் ஊசியைப் போட்டுக்கொண்டே, ஒரு விரல் தள்ளி அடிபட்டிருந்தால் கண் போயிருக்கும் என்று சாவகாசமாகச் சொன்னார்.

தையல் பிரித்ததும் விட்டுவிடுவான் என்று நினைத்தேன். எங்கே! மூன்றாவது வாரமே மறுபடி வெள்ளிக்கிழமை, மறுபடி பார்ட்டி. அதிலிருந்து வெள்ளிக்கிழமை என்றாலே எனக்குத் தூக்கம் கிடையாது. ஜன்னல் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு பைக் சத்தத்துக்கும் எழுந்து எழுந்து பார்ப்பேன். வீட்டுக்காரர் போர்வையை இழுத்து மூடிச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருப்பார். பெற்ற வயிறு எரிகிறது, இந்த மனுஷனுக்குத் தூக்கம் எப்படி வருகிறது என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு நாள் கேட்டும் விட்டேன். "நீங்க மனுஷன்தானா?" என்று. போர்வையை இன்னும் கொஞ்சம் இழுத்துக்கொண்டார்.

சங்கராந்தி கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டு மேஜையில் நான் உடைத்தேன்.

"குடிக்கணும்னா வீட்டுலயே குடிடா," என்றேன்.

அவன் கையில் எடுத்த கவளம் அப்படியே நின்றுவிட்டது. வீட்டுக்காரர் ரசத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன மா பேசறீங்க?"

"தமிழ்லதான் பேசறேன். உன் ஃப்ரெண்ட்ஸையும் கூட்டிட்டு வா. குடிங்க, சாப்பிடுங்க, இங்கயே படுங்க. ரோட்டுல மட்டும் விழாத. எனக்கு அது ஒண்ணுதான் வேணும்."

அவனுக்கு முதலில் வெட்கம், பிறகு சிரிப்பு. "அரே மா, இங்க எப்படி? இந்த ட்யூப்லைட்டு, இந்த முருகர் காலண்டர், அப்பா நியூஸ் பாத்துட்டு இருப்பாரு. ஒரு மூடு, வைப் வேணாமா?"

"அது என்ன எழவோ, அதையும் வாங்கித் தரேன்."

அன்று சாயங்காலம் போனை எடுத்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு படம் காட்டினான். எங்கோ சமுத்திரத்து நடுவே இருக்கிற தீவுகளின் பாணியாம். மூங்கில் தூண், ஓலைக் கூரை, மரத்தில் செதுக்கிய கோர முகங்கள், வண்ணவண்ணப் பானங்கள், அதில் ஒரு குட்டிக் காகிதக் குடை. அதற்கு டீக்கி பார் என்று பெயர். அமெரிக்காவில் ஒருத்தன் தன் வீட்டுக் கார் ஷெட்டிலேயே கட்டியிருந்தான். "நம்ம பேக்யார்டுல கட்டலாம்ல மா? சும்மா சொன்னேன்," என்றான். சும்மா சொல்லவில்லை. நான்கு வயதில் ரயில் வண்டி பொம்மை கேட்ட அதே முகத்தை வைத்துக்கொண்டு கேட்டான்.

"கட்டலாம்," என்றேன்.

வீட்டுக்காரர் அன்றைக்கு அதிசயமாக இரண்டு வாக்கியம் பேசினார். "சர்க்கார் குவார்ட்டர்ஸ்ல ஷெட்டு போட்டா நோட்டீஸ் வரும். அது ஒருபக்கம் இருக்கட்டும், வீட்டுக்குள்ள கொண்டுவந்துட்டா அப்புறம் வெளியில போகாது." நான் விடவில்லை. "நோட்டீஸ் வந்தா என் பேருலதான வரும். நான் பாத்துக்கறேன்," என்றேன். வழக்கம்போல "உன் இஷ்டம்" என்று எழுந்து போய்விட்டார்.

என் கையில் இருந்தது பத்தாயிரம் ரூபாய். அதற்குள் முடித்தாக வேண்டும். பிள்ளை தன் சம்பளத்தில் போடுகிறேன் என்றான், வேண்டாம் என்றேன். என் காசில் கட்டினால்தான் அந்த இடத்தில் எனக்கு ஒரு பிடி இருக்கும் என்று ஒரு கணக்கு. சனிக்கிழமை அவனைக் கூட்டிக்கொண்டு, பழைய சாமான் விற்கிற கபாடிக்காரனிடம் போனேன். இடித்த வீடுகளிலிருந்து வந்த கதவு, ஜன்னல் எல்லாம் அடுக்கி வைத்திருந்தான். ஒரு தேக்குக் கதவைப் பேரம் பேசி எடுத்தோம். அதைப் படுக்கப்போட்டு, கீழே பழைய இரும்பு டிரங்க் பெட்டி இரண்டை முட்டுக்கொடுத்தால் மேடை. ஸ்டூல் மூன்று, மூன்றும் மூன்று உயரம்; ரம்பத்தால் கால்களை அறுத்துச் சமப்படுத்தினான். அதற்குப் பிறகும் ஒன்று ஆடியது. தீபாவளிக்குப் போடுகிற குட்டி பல்புச் சரம் வீட்டிலேயே இருந்தது.

முகங்கள் விஷயத்தில்தான் சண்டை வந்தது. எங்கிருந்தோ இரண்டு மர முகமூடி வாங்கி வந்தான். பல்லைக் கடித்துக்கொண்டு, கண்ணை உருட்டிக்கொண்டு இருந்தன. "யாருடா இது?" என்றேன். "அந்தத் தீவு ஆளுங்களோட காட்ஸ் மா," என்றான்.

"சாமியா? சாமியை எதிர்ல வச்சுக்கிட்டாடா குடிப்பீங்க?"

"நம்ம சாமி இல்ல மா. டெகரேஷன் தான்."

"எந்த ஊரு சாமியா இருந்தா என்ன, கும்பிடறவன் கும்பிட்டுத்தான இருப்பான்? எடு முதல்ல." இரண்டையும் துணியில் சுற்றி அலமாரிக்கு மேலே வைத்துவிட்டேன். அவன் தலையில் அடித்துக்கொண்டான். முகமில்லாத டீக்கி பார் உலகத்திலேயே இது ஒன்றுதான் என்று ஃப்ரெண்ட்ஸிடம் போனில் சொல்லிச் சிரித்தான்.

அந்த நாலு வாரத்தை இப்போது நினைத்தாலும் எனக்கு நெஞ்சு நிறைகிறது. அதை மறைப்பானேன். என் பிள்ளை என்னோடு பேசினான். வார்னிஷ் அடித்துக்கொண்டே ஆபீஸில் யார் யாரைப் பிடிக்கவில்லை என்று சொன்னான். ஒரு பெண்ணைப் பிடித்திருந்ததும், அவள் வேண்டாம் என்று போனதும், அதற்குப் பிறகுதான் குடி கூடியது என்பதும் எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நானும் வீடியோ பார்த்துப் பார்த்து அன்னாசிச் சாறு, எலுமிச்சை, தேங்காய்ப் பால் எல்லாம் கலக்கப் பழகினேன், ரம் இல்லாமல். வீட்டுக்காரர் ஒரு டம்ளர் குடித்துவிட்டு, "இதோட நிறுத்திக்கிட்டா நல்லாருக்கும்," என்றார். முக்கியமான விஷயம், அந்த நாலு வெள்ளிக்கிழமையும் அவன் நேராக வீட்டுக்கு வந்தான். நாலு! ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தேன்.

கூரை மட்டும் பாக்கி. நெட்டில் விற்கிற பிளாஸ்டிக் ஓலை யானை விலை. நிஜ ஓலைக்கு இந்த டெல்லியில் எங்கே போவது? அப்போதுதான் பந்தல்காரர் ஞாபகம் வந்தது. கள்ளக்குறிச்சிப் பக்கத்து ஆள், குடும்பத்தோடு ஜுக்கிக் குடிசையில் இருக்கிறார். நம் ஆட்களின் விசேஷங்களுக்கெல்லாம் அவர்தான் வாழைமரம் கட்டுவார், பந்தல் போடுவார். இளநீர் லாரியில் வருகிற தென்னை மட்டையை வாங்கி வைத்திருந்து கீற்று பின்னிக் கொடுப்பார். நல்லதுக்கும் கெட்டதுக்கும் அவர்தான்.

வியாழக்கிழமை மத்தியானம் ஆபீஸ் வராந்தாவில் நின்று அவருக்குப் போன் செய்தேன். எதற்கு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கோயில் திருவிழாவுக்குப் பந்தல் போடுகிற மனுஷனிடம் போய், என் பிள்ளை குடிப்பதற்குக் கூரை வேண்டும் என்று எப்படிச் சொல்வேன்? சொன்னால் சாயங்காலத்துக்குள் செக்டர் முழுக்கத் தெரிந்துவிடும். ஆகவே சாமானை மட்டும் சொன்னேன்.

"நீளமா ரெண்டு மூங்கில் வேணும். பச்சை மூங்கிலே போதும், பதப்படுத்தினது வேண்டாம். குறுக்குக்குச் சின்னதா ஏழெட்டு. தென்னங்கீத்து வேணும், காஞ்சது வேண்டாம், பச்சையா பின்னிக் கொடுங்க. கயிறும் நீங்களே கொண்டுவந்திருங்க."

"சரிங்கம்மா. எப்பங்கம்மா?" என்றார். குரல் தணிந்திருந்தது.

"சனிக்கிழமை காலைல. வெள்ளனவே வந்துட்டா நல்லது. அக்கம்பக்கத்துல எழுந்திருக்கறதுக்கு முன்னாடி பின்பக்கமா வந்துருங்க. சத்தம் போட வேண்டாம்."

"புரியுதுங்கம்மா," என்றார். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. எவ்வளவு ஆகும் என்று நான் கேட்டதற்கு, "அதெல்லாம் இப்ப எதுக்குங்கம்மா, அப்புறம் பாத்துக்கலாம்," என்றார். வாழைமரத்துக்கே அரைமணி நேரம் பேரம் பேசுகிற ஆள்! நமக்கு நல்ல காலம் என்று சந்தோஷப்பட்டுக்கொண்டு ஸீட்டுக்குப் போனேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

எனக்கு ஏன் உறைக்கவில்லை என்று பிறகு எத்தனையோ முறை கேட்டுக்கொண்டேன். அம்மா போனபோதும் அப்பா போனபோதும் ரயில் பிடித்து நான் ஊர் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. இங்கே துக்க வீடுகளுக்குப் போனால் பெண்கள் நாங்கள் உள்ளே உட்கார்ந்திருப்போம். வெளியே ஆண்கள் கட்டி முடித்த பிறகுதான் பார்ப்போம். கடையில் என்ன சொல்லி வாங்குவார்கள் என்று எனக்குத் தெரியாது. எதற்கு என்று சொல்லாமல், விலை பேசாமல், பச்சையாகத்தான் வேண்டும் என்று கேட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான் என்று அந்த மனுஷனுக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை காலை கிளம்பும்போது பிள்ளை சொன்னான்: "மா, இன்னிக்கு ஒருத்தருக்கு ஃபேர்வெல். போய்த்தான் ஆகணும். லாஸ்ட் டைம். நெக்ஸ்ட் வீக் எல்லாரும் நம்ம பாருக்குத்தான். டென்ஷன் மத் லோ, கவலைப்படாதீங்க."

"பைக்கை வச்சுட்டுப் போ," என்றேன்.

"அச்சா, அச்சா," என்றான். வாசலில் பைக் கிளம்புகிற சத்தம் கேட்டது.

அன்று இரவு அவன் வரவில்லை. போன் சுவிட்ச் ஆஃப். அவன் ஃப்ரெண்ட்ஸில் ஒருத்தன் நம்பரும் என்னிடம் இல்லை. பெற்றவள் என்று பெயர். அந்த இரவைப் பற்றி அதற்கு மேல் எழுத எனக்குத் தெம்பில்லை.

பொழுது இன்னும் விடியவில்லை, பால் வாங்கப் போகிறேன் என்று கிளம்பினேன். யாரிடம் சொல்லிவிட்டுப் போக? வீட்டுக்காரர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். பால் ஒரு சாக்கு. பெரிய ரோடு வரைக்கும் நடந்தேன், வருகிற ஒவ்வொரு பைக்கையும் பார்த்தேன். பஸ் ஸ்டாப்பில் கொஞ்ச நேரம் நின்றேன். மாசிக் குளிர் இன்னும் விடவில்லை. போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகலாமா, ஆஸ்பத்திரிக்குப் போகலாமா, எந்த ஆஸ்பத்திரிக்கு என்று ஒன்றும் புரியாமல், இரண்டு பாக்கெட் பாலோடு திரும்பினேன். பந்தல்காரரை வரச் சொன்னது எனக்குச் சுத்தமாக மறந்துபோயிருந்தது. இது சத்தியம்.

பின்பக்கச் சந்தில் ஒரு டெம்போ நின்றது. மாடிவீட்டில் இருக்கிற கட்வால் மலைப்பக்கத்து அம்மாள் படியில் நின்று, தலையில் முக்காடு போட்டுக்கொண்டு, என்னைப் பார்த்ததும் கையைக் கூப்பினாள். நான் முற்றத்துக்குள் நுழைந்தேன்.

பார் மேடைக்கு முன்னால், சிமென்ட் தரையில், பாடை இருந்தது.

இரண்டு பச்சை மூங்கில், குறுக்கே ஏணிப்படி மாதிரி துண்டுகள், மேலே பச்சைக் கீற்று பரப்பி, நாலு மூலையும் கயிறு போட்டு இறுக்கி, கட்டி முடித்தாகிவிட்டது. பந்தல்காரர் தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு எழுந்து நின்றார். வீட்டுக்காரர் சுவரோரம் வெறும் தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். அவர் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

பால் பாக்கெட் கையிலிருந்து விழுந்தது எனக்குத் தெரியாது. "எங்க அவன்? எங்கங்க என் புள்ள?" என்று அலறினேன். அந்தச் சத்தம் என் சத்தமாகவே இல்லை. "யாரு சொன்னா? யாரு வந்து சொன்னா உங்களுக்கு?"

வீட்டுக்காரர் என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் பந்தல்காரரின் சட்டையைப் பிடித்து உலுக்கினேன். "சொல்லுய்யா! எங்கய்யா வச்சிருக்காங்க அவனை?"

அவர் மிரண்டுபோனார். "அம்மா, நீங்கதானம்மா போன் பண்ணீங்க? பச்சை மூங்கிலும் கீத்தும் வேணும்னு? சத்தமில்லாம வரச் சொன்னீங்க..."

அப்போதுதான் என் மரமண்டையில் ஏறியது. நான் கேட்டதைத்தான் கொண்டுவந்திருக்கிறார். ஒரு மூங்கில் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. "கூரைக்கய்யா," என்றேன். "இதுக்குக் கூரை போடத்தான்யா கேட்டேன்!" பார் மேடையைக் காட்டினேன். பல்புச் சரம் தொங்கியது, மூன்று ஸ்டூலும் வரிசையாக நின்றன. அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு தலையில் கையை வைத்துக்கொண்டு, "அய்யோ முருகா," என்று அப்படியே குந்திவிட்டார்.

அப்புறம் என்ன, எல்லோரும் சிரித்து முடித்திருப்போம் என்று நினைப்பீர்கள். ஒருத்தருக்கும் சிரிப்பு வரவில்லை. யாரும் செத்ததாகச் சேதி வரவில்லை, சரி. ஆனால் என் பிள்ளை வீட்டில் இல்லையே. போனை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். சுவிட்ச் ஆஃப்.

பந்தல்காரர் மெல்ல எழுந்தார். "அம்மா, அவுத்துரட்டுங்களா?" என்று கேட்டார்.

அவிழ்த்துவிடுங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். நான் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் கீழே பார்த்துக்கொண்டிருந்தார். அவிழ் என்று சொல்லி, ஒரு மணி நேரம் கழித்து வேறு மாதிரி ஒரு சேதி வந்துவிட்டால்? அப்படி ஒரு நினைப்பு வந்தது எனக்கு. பெற்ற தாய்க்கு வந்தது. அதற்காக என்னை நானே மன்னிக்கப் போவதில்லை. பந்தல்காரர் இன்னொரு முறை கேட்கவில்லை. அவரும் புரிந்துகொண்டவர் போல ஒரு ஓரமாக உட்கார்ந்துவிட்டார். மாடிவீட்டு அம்மாள் டீ போட்டு எடுத்து வந்தாள், குடிக்காமலேயே ஆறிப்போனது.

எட்டரை மணி இருக்கும். முன்வாசலில் ஆட்டோ நிற்கிற சத்தம். செருப்பைக் கழற்றுகிற சத்தம். "மா! ஸாரி மா! பேட்டரி டெட்! ஃப்ரெண்டு வீட்டுலயே படுத்துட்டேன், பைக்கை அங்கயே விட்டுட்டேன், நீங்க சொன்னீங்கல்ல?" என்று கத்திக்கொண்டே வீட்டைத் தாண்டிப் பின்முற்றத்துக்கு வந்தான் என் பிள்ளை. கண் சிவந்து, சட்டை கசங்கி, முழுசாக, உயிரோடு.

அவன் எங்கள் யாரையும் பார்க்கவில்லை. கீழே இருந்ததைத்தான் பார்த்தான்.

"அரே வாஹ்! கூரை வந்துடுச்சா? செம க்ரீனா இருக்கே!" என்றான். டெல்லியில் பிறந்த பிள்ளை. தன் வாழ்நாளில் ஒரு பாடையைப் பார்த்ததில்லை. "ஆனா ஏன் அங்கிள் கட்டில் மாதிரி கட்டியிருக்கீங்க? இதை அப்படியே மேல தூக்கி வைக்கறதா?" கீற்றின் மேல் கையை வைத்துத் தடவினான். உட்கார்ந்து பார்க்கிறவன் போல ஒரு முழங்காலை மடித்தான்.

பந்தல்காரர் பாய்ந்து அவன் கையைப் பிடித்து இழுத்தார். "தொடாதீங்க தம்பி! அதுல உக்காரக் கூடாது!"

"ஏன்? ஈரமா இருக்கா?"

அப்போதுதான் எங்கள் முகங்களைப் பார்த்தான். படியில் நிற்கிற மாடிவீட்டு அம்மாளை, தரையில் உடைந்து கிடந்த பால் பாக்கெட்டை, என்னை. "கியா ஹுவா? யாராவது எக்ஸ்பயர் ஆயிட்டாங்களா?" என்றான், குரல் இறங்கி.

"ஆமா," என்றேன். "நீதான்டா."

அவனுக்குச் சொன்னேன். அது என்ன என்று சொன்னேன், எதற்குக் கட்டுவார்கள் என்று சொன்னேன், நான் செய்த முட்டாள்தனத்தையும் சொன்னேன். எனக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தது. முதுகில் இரண்டு அடியும் வைத்தேன், இருபத்தாறு வயதுப் பிள்ளையை. பாதி கேட்கும்போதே அவன் சிரித்தான். "மை காட், மா! அங்கிள், நீங்களுமா? யாரு என்னன்னு கேக்காமலேயா கட்டிட்டீங்க?"

பந்தல்காரருக்குச் சுருக்கென்று தைத்திருக்க வேண்டும். "கேக்காம எப்படித் தம்பி கட்டுவேன்?" என்றார். "வந்த உடனே ஐயாகிட்டக் கேட்டேன். அம்மாவும் வீட்டுல இல்ல. 'யாருங்க ஐயா'ன்னேன். 'பையன்'னாரு. 'என்ன உசரம் இருப்பாருங்க'ன்னேன். 'அஞ்சடி ஒம்போது அங்குலம்'னாரு. அதுக்குத்தான் மூங்கிலை அறுத்தேன்."

பிள்ளையின் சிரிப்பு எங்கே போனது என்று தெரியவில்லை. அவன் மூங்கிலை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் பார்த்தான். பிறகு சுவரோரம் உட்கார்ந்திருந்த அப்பாவுக்கு முன்னால் போய்க் குனிந்து உட்கார்ந்தான்.

"பா," என்றான். "யாரோ ஒருத்தர் மூங்கில் எடுத்துட்டு வந்தா, நீங்க எப்படி பா நம்பினீங்க? ஒரு வார்த்தை கேக்கலையா?"

வீட்டுக்காரர் அவன் புருவத்துக்கு மேலே இருந்த தழும்பைத் தொட்டார். அத்தனை நாளில் அவர் அதைத் தொட்டு நான் பார்த்ததில்லை.

"இன்னிக்கா நம்பினேன்?" என்றார். "வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை இதை நம்பிக்கிட்டுத்தாண்டா சுவரைப் பாத்துப் படுத்திருக்கேன்."